அதியமான் பெருவழி முதல் தொப்பூர்க் கணவாய் வரை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் நோக்கிச் செல்லும் சாலையில் இண்டூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. மானாவாரிக் காடுகளும் புளிய மரங்களும் நிறைந்த வட்டாரம் இது. மழை பொய்த்தால் இங்கு விளைச்சல் பொய்க்கும். விளைச்சல் பொய்த்தால் இளைஞர் ஊரை விட்டு வெளியேறிப் பிழைப்பர். அவருள் ஒரு சாரார் பெங்களூருக்குச் சென்று கட்டட வேலையில் புகுவர். மற்றொரு சாரார் சரக்கு லாரியில் கிளீனராக ஏறி, சில ஆண்டுகளில் ஓட்டுநராகித் திரும்புவர். திரும்புவர் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. திங்களில் நாலைந்து நாள்கள் வீட்டிலிருந்தால் அதுவே பெரும் பேறு என்று கருதும் தொழில் அது.

லாரி கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேருமாயின் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று அச்செய்தி முடியும். கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லில் நியாயம் முழுவதும் அடங்கிவிட்டதா? சுமையை ஏற்றச் சொன்னவர் யார், கூலியைப் பேசியவர் யார், இரவு முழுவதும் உறங்காமல் வரச் சொன்னவர் யார் என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. நம் முன்னோரோ இக்கேள்விகளை எழுப்பியிருக்கிறார்கள். மாட்டு வண்டியும் ஒட்டகமும் சரக்குச் சுமந்த காலத்திலேயே தமிழ்ப் புலவர்களும் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் இவற்றை ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணங்களைத் தொகுத்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல் சொல்லும் வழி

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் மரபினர் ஆண்ட நாடு இது. இம்மாவட்டத்தில் கிடைத்த பழைய வழிக்கற்களில் 'அதியமான் பெருவழி' என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நாவல்தாவளம் என்னும் இடத்துக்கு 29 காதம் என்று ஒரு கல்லும், 27 காதம் என்று மற்றொரு கல்லும் தொலைவு காட்டுகின்றன. தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கிப் பண்டம் மாற்றும் இடமாகும். எனவே இது படை நடந்த வழி மட்டுமன்று. பண்டம் நடந்த வழியுமாகும்.

இக்கற்களில் மனத்தைக் கவரும் நுட்பம் ஒன்று உண்டு. எழுத்தாலும் எண்ணாலும் தொலைவைக் குறித்ததோடு நில்லாமல், குழிகளாலும் அதைக் குறித்திருக்கின்றனர். பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுதப் படிக்க அறியாத வண்டியோட்டி, இருளில் கையால் தடவியேனும் தான் செல்ல வேண்டிய தொலைவை அறிந்துகொள்ளலாம். அரசனும் வணிகக் குழுவும் வண்டியோட்டியை நினைவிற்கொண்டு நட்ட கல் அது என்பதில் ஐயமில்லை.

இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே உமையாக் கலீபா அப்துல் மலிக் பின் மர்வான் (கி.பி. 685-705) தமது ஆட்சியில் டமாஸ்கஸுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் இடையிலான சாலையில் மைல் கற்களை நடச் செய்தார். அவற்றுட் சில இன்றும் கிடைத்துள்ளன. அப்பாஸியர் காலத்தில் ஹாரூன் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாதையில் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்தார். அப்பாதைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வழி அமைப்போர் வழிச்செல்வோரின் தாகத்தையும் களைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற அறம் தகடூரிலும் அரபகத்திலும் ஒன்றாகவே விளங்கியிருக்கிறது.

உமணரின் சேம அச்சு

சங்க காலத்தில் நெடுந்தொலைவு சரக்கு வண்டி ஓட்டியவர்களுள் தலையானவர் உமணர் எனப்படும் உப்பு வணிகர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களுடன் கூட்டமாக உள்நாட்டுக்குச் சென்று, நெல்லுக்கு மாற்றித் திரும்புவர். பெரும்பாணாற்றுப்படையைப் பயில்வோர் உமணரின் வண்டி வரிசையையும், மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தையும், சுங்கம் கொள்ளும் பெருவழியையும், அதனைக் காக்கும் வில்லேந்திய காவலரையும் ஒரு சேரக் காணலாம்.

நம் தகடூருக்கும் உமணர் வண்டிக்கும் நேரான தொடர்பு புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் உள்ளது. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு அது. எருதுகளோ இளையவை, நுகத்தின் பழக்கம் இல்லாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டுள்ளது. வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். என்ன நேரும் என்பதை யார் அறிவார்? இவ்வாறு எண்ணி உமணர் அச்சு மரத்தின் கீழே மற்றொரு சேம அச்சைக் கட்டிச் செல்வராம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று அரசிளங்குமரனைப் புலவர் போற்றுகிறார்.

இவ்வுவமையில் அரசியல் பொருள் ஒரு புறம் இருக்க, வண்டித் தொழிலின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதை நோக்க வேண்டும். பழகாத இழுவை, மிகுந்த பாரம், மேடு பள்ளமான பாதை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அச்சு முறியும். முறியும் என்பதை முன்பே அறிந்து மாற்று ஏற்பாடு செய்வது வண்டிக்கு உரியவன் கடமை. விபத்தைத் தலைவிதி என்று விட்டுவிடாமல், முன்னறிந்து தடுக்கத் தக்கதாகக் கருதிய சமுதாயம் அது. இன்றைய லாரியில் கட்டப்படும் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னி, அந்தச் சேம அச்சின் வழித்தோன்றலேயாகும்.

அரபு மொழியில் வண்டியோட்டி

அரபகம் வணிகர் நாடு. குறைஷியர் மாரியில் ஒரு திசைக்கும் கோடையில் ஒரு திசைக்கும் வணிகப் பயணம் மேற்கொண்டதை, அவர் பெயராலேயே அமைந்த 106-ஆம் அத்தியாயத்தில் திருமறை நினைவூட்டுகிறது. மனிதர் தம் உடலை வருத்தியன்றிச் சென்றடைய முடியாத ஊர்களுக்குக் கால்நடைகள் அவர்தம் சுமைகளை எடுத்துச் செல்வதை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயம் (16:7) எடுத்துரைக்கிறது.

இத்தொழிலைச் சார்ந்த அரபுச் சொற்கள் ஆராயத் தக்கவை. வணிகச் சாத்துக்குக் 'காஃபிலா' என்று பெயர். அச்சொல்லின் வேர்ப்பொருள் திரும்பி வருதல் என்பதாகும். புறப்பட்டுச் செல்லும் கூட்டத்துக்கும் இப்பெயரையே இட்டனர். நலமே திரும்ப வேண்டும் என்ற நன்னிமித்தம் கருதி அவ்வாறு வழங்கினர் என்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். யூசுஃப் நபி (அலை) அவர்களைக் கிணற்றிலிருந்து எடுத்த வழிப்போக்கர் கூட்டத்தைத் திருமறை 'ஸைய்யாரா' என்று குறிக்கிறது. அதே சொல் இன்றைய அரபியில் மோட்டார் காரைக் குறிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய ஒட்டக வரிசைக்குப் பெயராயிருந்த 'கிதார்', இன்று ரயில் வண்டிக்குப் பெயராகிவிட்டது.

விலங்கின் முன்னே நின்று கயிறு பிடித்து இழுத்துச் செல்பவன் 'காயித்'. பின்னே நின்று ஓட்டிச் செல்பவன் 'ஸாயிக்'. முன்னவன் பெயர் பிற்காலத்தில் தலைவனுக்கு உரியதாயிற்று. பின்னவன் பெயர் ஓட்டுநருக்கு நிலைத்தது. வளைகுடா நாடுகளில் வண்டியோட்டும் நம்மவரின் அட்டைகளில் 'ஸாயிக்' என்றே தொழில் குறிக்கப்படுகிறது. மறுமையில் ஒவ்வோர் ஆத்மாவும் தன்னை ஓட்டி வரும் ஒருவருடனும் சாட்சி ஒருவருடனும் வரும் என்று காஃப் அத்தியாயம் (50:21) கூறுமிடத்தும் இச்சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. மலக்குக்கு வழங்கிய பெயரைத் தாங்கிய தொழிலை இழிவானது என்று எவ்வாறு சொல்வது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களே இளமையில் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வணிகச் சரக்கைப் பொறுப்பேற்று ஷாம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். உடன் சென்ற பணியாளர் மைஸரா. பிறர் பொருளை ஏற்றுச் சென்று, குறைவின்றிக் கணக்கு ஒப்படைத்த அந்தப் பயணத்தை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் விரித்துப் பாடியுள்ளார். அல்அமீன் என்று மக்கள் அழைத்த பெருமானாரின் நேர்மைக்கு இப்பயணமும் ஒரு சான்றாயிற்று.

பிறிதொரு பயணத்தில் அன்ஜஷா என்பவர் இனிய குரலில் பாடி ஒட்டகங்களை விரைவாக ஓட்டினார். அவற்றின் மீது பெண்கள் அமர்ந்திருந்தனர். கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வது போல மெதுவாக ஓட்டுமாறு பெருமானார் (ஸல்) அவரைப் பணித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வருகிறது. சுமையின் தன்மை அறிந்தே வேகம் அமைய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பாரமஹாலும் பொதிமாடும்

பிற்காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் பாரமஹால் என்று வழங்கப்பட்டன. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் இந்நிலம் படைகள் புழங்கும் களமாயிற்று. அப்போர்களின் வெற்றி தோல்வியைப் பீரங்கிகள் மட்டும் தீர்மானிக்கவில்லை. பீரங்கியையும் தானியத்தையும் சுமந்த மாடுகளும் தீர்மானித்தன. 1791-ஆம் ஆண்டு மே மாதத்தில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும், இழுவை மாடுகள் பெருவாரியாக மாண்டு உணவும் தட்டுப்பட்டதால் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. மைசூர் மன்னர்கள் வளர்த்த இழுவை மாட்டுப் பண்ணைகளைத் திப்பு சுல்தான் 'அம்ருத் மஹால்' என்று பெயரிட்டுச் சீர்படுத்தினார். பீரங்கி இழுக்கும் மாடுகளின் வேகம் மைசூர்ப் படையின் வலிமைகளுள் ஒன்றாய் விளங்கியது.

அக்காலத்தில் தானியம் சுமந்து செல்லும் தொழிலில் சிறந்து நின்றவர் பிரிஞ்சாரியர் என்றும் லம்பாடியர் என்றும் அழைக்கப்பட்ட மக்கள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளுடன் நாடு விட்டு நாடு செல்வர். இரு தரப்புப் படைகளும் அவர்களிடம் தானியம் வாங்கின. ரயிலும் சாலையும் வந்தபின் அவர்களுடைய தொழில் அழிந்தது. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலை ஓரத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடித் தண்டாக்கள் இன்றும் உள்ளன. ஒரு நாட்டின் பசியைப் போக்கிய சுமைத் தொழிலாளரை, தொழில் மாறியவுடன் அந்த நாடு மறந்துவிட்டது.

காவிரிக் கரையை ஒட்டிய ஆலம்பாடியின் பெயரால் அமைந்த ஆலம்பாடி மாடு இழுவைக்குப் பேர்போனது. பென்னாகரம் வட்டாரத்துக் காடுகளில் மேய்ந்து வளர்ந்த இம்மாடு பால் மிகுதியாகத் தராது. ஆயினும் கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் களைக்காமல் பாரம் இழுக்கும். டிராக்டரும் லாரியும் பெருகியபின் அதன் எண்ணிக்கை அருகிவிட்டது.

1792-இல் திப்பு சுல்தான் பாரமஹாலை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் இங்கு வரி வசூல் ஏற்பாடுகளைச் செய்தனர். மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். அக்காலத்தில் உள்நாட்டுச் சுங்கம் வண்டியோட்டியின் பெருந்துன்பமாயிருந்தது. சென்னை மாகாணத்தில் அச்சுங்கம் 1844-இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பிற்காலத்தில் வணிகவரிச் சோதனைச் சாவடி என்னும் வேறு உருவில் வழிமறிப்பு மீண்டும் வந்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அச்சாவடிகள் நீக்கப்பட்டன. இரண்டு நூற்றாண்டுகளாக வணிகருடைய வரிக்காக வழியில் காத்துக் கிடந்தவன் வண்டியோட்டியே.

இரும்புப் பாதையும் லாரியும்

1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. வண்டிமாடுகளின் காலம் முடிந்தது என்று அன்று எண்ணியிருப்பர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல், அந்த இருப்புப்பாதை மூடப்பட்டது. பிற்காலத்தில் சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூருக்கு வேறு பாதை அமைந்தது. அதற்குள் மோட்டார் லாரி வேரூன்றிவிட்டது.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கொணர்ந்தது. 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மானிய பென்ஸ் நிறுவனத்துடன் கூடி லாரிகளைச் செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 1969-இல் முடிவுற்றபின்னும் 'பென்ஸ் லாரி' என்ற பேச்சு நம்மிடம் நெடுங்காலம் நிலைத்தது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலின் தலைமையிடங்களாயின. நாமக்கல்லில் லாரிக்கு உடற்கூடு கட்டும் பட்டறைகள் நாடெங்கும் பெயர் பெற்றன. வறண்ட நிலத்து மக்கள், வானத்தை நம்பிய வாழ்வை விட்டுச் சாலையை நம்பிய வாழ்வுக்கு மாறினர்.

லாரி ஓட்டுவது வண்டியை நகர்த்துவதோடு முடியும் வேலையன்று. சரக்கை எண்ணி ஏற்றுக்கொள்ளவேண்டும். பாரம் ஒரு பக்கம் சாயாதபடி அடுக்கச் செய்யவேண்டும். தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டவேண்டும். மழையில் மூட்டை நனைந்தால் பதில் சொல்லவேண்டும். வழியில் திருட்டுப் போனாலும் பதில் சொல்லவேண்டும். இறக்குமிடத்தில் இரண்டு நாள் காத்திருந்தால் அக்காத்திருப்புக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிய பேட்டாவும் சம்பளமும் வண்டி ஓடினால்தான் கிடைக்கும். ஆகவே காத்திருந்த நேரத்தை ஓட்டத்தில் ஈடுசெய்ய முற்படுவர். உறக்கத்தை அதற்கு விலையாகக் கொடுப்பர்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும் என்று அமைந்தது. ஒன்றிரண்டு லாரிகளை வைத்திருப்போரிடம் வேலை பார்த்த பல்லாயிரவர் அவ்வேலிக்கு வெளியே நின்றனர். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அச்சட்டமும் அடக்கப்பட்டது. சட்டத்தின் பெயர் எதுவாயினும், நள்ளிரவில் தனியே ஓட்டுபவரின் கண்ணிமையை அளக்கும் அதிகாரி எவரும் இல்லை.

கணவாயின் இறக்கம்

தருமபுரிப் பீடபூமியிலிருந்து சேலம் நோக்கி நெடுஞ்சாலை இறங்கும் இடம் தொப்பூர்க் கணவாய். அங்கே இரட்டைப் பாலம் என்னும் இடம் விபத்தினால் பெயர் பெற்றது. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்டு ஏற்றிய லாரி ஒன்று முன்னே நின்ற வாகனங்கள் பலவற்றின் மீது மோதி நால்வர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24 அன்று நெல் மூட்டை ஏற்றிய லாரியால் அவ்விடத்திலேயே மீண்டும் நால்வர் மாண்டனர். இடையிலும் முன்பும் நேர்ந்தவை பல.

இறக்கத்தில் லாரியைக் கியரில் வைத்தே இறக்கவேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின் மீது விழும். மைல் கணக்கில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் காற்றழுத்தம் மீண்டும் நிரம்பாது. சில முறை மிதித்ததும் பிரேக் வெறுமையாகிவிடும். பிறகு எத்தனை டன் பாரமோ அத்தனையும் சரிவில் தானே ஓடும்.

இதை அறியாத ஓட்டுநர் இல்லை. அறிந்தும் சிலர் நியூட்ரலில் இறக்குவதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கிட்டுக் கொடுத்து, மீந்தால் ஓட்டுநருக்கு, குறைந்தால் அவர் கூலியில் பிடித்தம் என்று வைத்திருக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இறக்கத்தில் மிச்சமாகும் இரண்டொரு லிட்டர் டீசல், வீட்டில் ஒரு வேளைச் சோறாகிறது. கூலியைப் பேசும் முறையிலேயே விபத்துக்கு வித்து இடப்படுகிறது. அது கணவாயில் முளைக்கும்போது வண்டியில் இருப்பவர் ஓட்டுநர் ஒருவரே; ஏற்பாடு செய்தவர் அங்கு இல்லை.

கயிறு அறுந்தால் யார் பொறுப்பு?

வாடகைக்கு விலங்கு ஓட்டிச் சரக்குச் சுமப்பவனை பிக்ஹு நூல்கள் 'முகாரீ' என்று அழைக்கும். அவனுடைய பொறுப்பின் எல்லையை நம் இமாம்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்தனர். மர்கீனானீ (ரஹ், மறைவு கி.பி. 1197) அவர்களின் ஹிதாயா நம் மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூலாகும். அதன்படி, பலருக்கும் வேலை செய்யும் தொழிலாளியிடம் உள்ள பொருள், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில் அமானிதமாகும். அவன் செயலின்றி அது அழிந்தால் அவன் மீது ஈடு இல்லை. அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்), தடுக்க முடியாத பேராபத்து நீங்கலாகப் பிறவற்றுக்கு அவன் ஈடு தரவேண்டும் என்றனர். முகாரீ பாரத்தைக் கட்டிய கயிறு அறுந்து சரக்கு அழிந்தால் அது அவன் செயலால் விளைந்ததாகவே கருதப்படும். அவன் ஈடு தரவேண்டும். கயிற்றைச் சோதித்துக் கட்டுவது அவன் கடமையன்றோ!

இத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. குறிப்பிட்ட அளவு கோதுமை ஏற்றுவதாகப் பேசி ஒரு விலங்கை வாடகைக்கு எடுத்தவன், பேசியதைவிட மிகுதியாக ஏற்றி, அதனால் அவ்விலங்கு இறந்துபட்டால் யார் பொறுப்பு? மிகுதியாக ஏற்றிய பாரத்தின் விகிதப்படி ஏற்றியவனே ஈடு தரவேண்டும். அவ்விலங்கு தாங்கவே முடியாத பாரமாயின் முழு விலையும் அவன் மீதே சாரும். கயிற்றுக்கு ஓட்டுபவன் பொறுப்பு. பாரத்துக்கு ஏற்றியவன் பொறுப்பு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதில் அவர்களுடைய நீதியுணர்வு விளங்குகிறது.

விலங்கு எவரையேனும் மிதித்துவிட்டால் என்ன செய்வது? ஸாயிக் அதன் முன்னங்கால், பின்னங்கால் இரண்டினாலும் நேரும் சேதத்துக்குப் பொறுப்பாளி. முன்னே இழுத்துச் செல்லும் காயித் முன்னங்காலுக்கு மட்டும் பொறுப்பாளி என்று குதூரீ நூல் கூறும். பின்னே வருபவன் பின்னங்காலைக் காண்கிறான். முன்னே செல்பவன் காண்பதில்லை. எவரால் காணவும் தடுக்கவும் இயலுமோ அந்த அளவுக்கே அவர் மீது பொறுப்பு என்பது இதன் உட்பொருளாகும். தவறுதலாக நேர்ந்த உயிரிழப்புக்கான ஈட்டுத் தொகையைத் தனி ஒருவன் தலையில் சுமத்தாமல், 'ஆகிலா' எனப்படும் அவனைச் சார்ந்த குழுவினர் பகிர்ந்து செலுத்தும் முறையும் இருந்தது. நம் நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்பீடு 1946 முதல் கட்டாயமாக்கப்பட்டபோது இந்த நோக்கமே வேறு வடிவில் நிறைவேறியது எனலாம்.

2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், விபத்து நேர்ந்தபின் தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று எழுதப்பட்டது. 2024 ஜனவரி தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினர். 2024 ஜூலை முதல் நாளில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவரை விட்டு ஓடுவது பாவம் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் நின்றால் கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சமும் பொய்யன்று. நின்றவரைக் காக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், ஓடியவரைத் தண்டிக்கும் சட்டம் பாதி நீதியே.

அறுநூறு ராத்தல்

கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்தார்கள். எகிப்தில் ஒட்டகங்களின் மீது ஆயிரம் ராத்தல் வரை ஏற்றுகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு எட்டியது. உடனே அங்குள்ள அதிகாரிக்கு எழுதினார்கள்: இனி எந்த ஒட்டகத்தின் மீதும் அறுநூறு ராத்தலுக்கு மேல் ஏற்றப்படலாகாது. வாய் பேசாத விலங்குக்குப் பேரரசின் தலைவர் எழுதிய பார வரம்புச் சட்டம் அது. தன்னைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக ஒட்டகம் ஒன்று முறையிட்டதையும், அதன் உரிமையாளரைப் பெருமானார் (ஸல்) அழைத்துக் கண்டித்ததையும் அபூதாவூத் நூல் அறிவிக்கிறது. கலீபாவின் ஆணைக்கு அந்நிகழ்ச்சி முன்மாதிரியாய் அமைந்தது எனலாம்.

நம் நாட்டிலும் பார வரம்பு உண்டு. நான்கு டயர்கள் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பு 2018-இல் 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. மிகுபாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரையும் அச்சட்டம் குற்றவாளி என்கிறது. எனினும் சாலையோரத்தில் நிறுத்தப்பட்டு நிற்பவர் ஓட்டுநரே. ஏற்றச் சொன்னவர் கிடங்கில் அமர்ந்து தொலைபேசியில் விசாரிப்பார். 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது வரவேற்கத் தக்கதே. உடலின் வெப்பம் தணிந்தால் மட்டும் போதாது. கூலியின் நெருக்கடியும் தணிய வேண்டும்.

பயணியின் தொழுகையும் நோன்பும்

லாரி ஓட்டும் சகோதரர்கள் ஆலிம்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாங்கள் ஆண்டு முழுவதும் பயணத்திலேயே இருக்கிறோம்; எங்களுக்கும் கஸ்ருத் தொழுகைச் சலுகை உண்டா? உண்டு. ஹனஃபி மத்ஹபின்படி ஊரெல்லையைக் கடந்து ஏறத்தாழ 48 மைல் தொலைவுக்குப் புறப்பட்டவர் முஸாபிர் ஆவார். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்கும் எண்ணம் கொள்ளாதவரை நான்கு ரக்அத்துத் தொழுகைகளை இரண்டாகத் தொழ வேண்டும். பயணமே தொழிலாயிருப்பது அச்சலுகையைப் பறித்துவிடாது. குடும்பத்துடன் கப்பலிலேயே வாழும் மாலுமியின் நிலை வேறு என்று இமாம் அஹ்மத் (ரஹ்) கருதினார்கள். வீடு இண்டூரில் இருக்க, வண்டியில் மனைவி மக்கள் இல்லாத ஓட்டுநரின் நிலை அந்த மாலுமியின் நிலையன்று.

ரமலானில் நோன்பை ஒத்திவைத்துப் பின்னர் நோற்கத் திருமறை (2:184, 185) பயணிக்கு இடமளித்துள்ளது. நோன்பினால் சோர்ந்து கண்ணயர்ந்து, முன்னே செல்லும் வண்டியில் மோதினால் இழப்பு தமக்கு மட்டுமன்று. ஒன்றும் அறியாத பிறருக்கும் ஆகும். எனவே இரவெல்லாம் பாரம் ஏற்றிச் செல்ல வேண்டியவர் சலுகையை ஏற்பதைக் குறைவாக எண்ணலாகாது. ஊருக்கு வரும் நாள்களில் விட்டவற்றைக் கணக்கிட்டு நோற்றுவிட வேண்டும். உறக்கமும் அவ்வாறே, உடலுக்கு உரியதை உடலுக்குக் கொடுப்பது மார்க்கத்தின் கட்டளையாகும்.

நாம் செய்யத் தக்கவை

இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தம்மிடம் கேட்கப்படும் என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாறு கூறும். தொப்பூர் இறக்கத்தைச் செப்பனிடுவது அரசின் கடமை. லாரி உரிமையாளர்களாகவும், சரக்கு அனுப்பும் வணிகர்களாகவும் நம்மவர் பலர் உளர். அவர்களுக்கும் கடமைகள் உண்டு. கூலியை முன்கூட்டியே தெளிவாகப் பேசுதல், காத்திருந்த நாளுக்கும் கூலி கொடுத்தல், டீசல் மிச்சத்தைக் கூலியின் பகுதியாக்கும் வழக்கத்தைக் கைவிடுதல், வரம்புக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றச் சொல்லாதிருத்தல் ஆகியவை சட்டத்துக்கு முன்பே ஷரீஅத்துக் கேட்பவை. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கம், அவனுக்கு வியர்வை உலரும் அளவுக்கேனும் ஓய்வு தரச் சொல்லாதா?

நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிவாசல்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். லாரி நிறுத்தச் சிறிது இடம், குளிக்கத் தண்ணீர், கழிப்பிடம், இரண்டு மணி நேரம் கண்ணயர ஒரு திண்ணை ஆகியவற்றை எம்மதத்து ஓட்டுநருக்கும் திறந்து வையுங்கள். சுபைதா அம்மையார் வெட்டிய குளங்களை நாம் வெட்ட இயலாவிட்டாலும், ஒரு குழாயையும் திண்ணையையும் அமைக்க இயலும். ஜமாஅத்தின் கூட்டங்களில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுங்கள். தந்தை பெரும்பாலும் ஊரில் இல்லாத வீடு அது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். லாரிக்காரன் என்று பெண் கொடுக்கத் தயங்கும் குடும்பங்கள், ஷாம் நாட்டுக்குச் சரக்குக் கொண்டு சென்ற பெருமானாரை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

இரவில் கணவாய் இறங்கும் அனைவரையும் வல்ல இறைவன் நலமே வீடு சேர்ப்பானாக. ஆமீன்.